தமிழ்நாட்டில் படித்துவிட்டு இலங்கை திரும்பும் பிள்ளைகளுக்கான கல்வி நிர்வாகச் சொற்கள்: எதற்கு எது இணை?

கேள்வி: இராமநாதபுரம், மாலை வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம் ஒன்றில் வாழும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துவருகிறேன். இங்கேயே பிறந்து, இங்குள்ள அரசுப் பள்ளிகளிலேயே படித்த பிள்ளைகள் சிலர், பெற்றோருடன் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் திரும்பத் தயாராகி வருகிறார்கள். ஒரு குடும்பத்தில் மூத்த பெண் பி.காம். முடித்தவர், தம்பி பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்கிறான், கடைசிப் பிள்ளை ஆறாம் வகுப்பு. அங்குள்ள உறவினர் எழுதியனுப்பிய குறிப்பில் விடுகைப் பத்திரம், சேர்விலக்கம், பெறுபேறு, கோட்டக் கல்வி அலுவலகம் என்ற சொற்கள் இருந்தன. எல்லாம் தமிழ்தான், படிக்கவும் முடிகிறது. ஆனால் எந்தத் தாளை எந்த அலுவலகத்தில் யாரிடம் கொடுப்பது என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியவில்லை. பெற்றோரும் சிறு வயதிலேயே இங்கு வந்துவிட்டவர்கள் என்பதால் அவர்களுக்கும் அந்தச் சொற்கள் பழக்கமில்லை.

இரு நாடுகளிலும் கல்வி அலுவலகங்களில் வழங்கும் சொற்களை எதிரெதிரே வைத்து ஒரு பட்டியல் தயாரித்து, புறப்படும் குடும்பங்களுக்கு அச்சிட்டுக் கொடுக்க விரும்புகிறேன். அகராதிப் பொருளைக் கொண்டு சொல்லுக்குச் சொல் எழுதினால் போதுமா? எந்தெந்த இடங்களில் தவறு நேர வாய்ப்புண்டு என்பதை அனுபவமுள்ளவர்கள் எடுத்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: வவுனியா, ஓய்வுபெற்ற அதிபர்

வணக்கம் சகோதரி. மிக அவசியமான வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: அகராதிப் பொருளைக் கொண்டு எழுதினால் போதாது. ஒரு பத்திரம் என்ன வேலையைச் செய்கிறது, ஒரு பதவியிலிருப்பவர் எதற்குக் கையொப்பம் இடுகிறார் என்பதைப் பார்த்துத்தான் இணைச் சொல்லைத் தீர்மானிக்க வேண்டும். ஒரே சொல் இரண்டு பக்கமும் வழங்கும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் தெரியாத சொல்லைக் கண்டால் பெற்றோர் கேட்பார்கள், தெரிந்த சொல்லைக் கண்டால் கேட்காமலே போய்விடுவார்கள்.

முதலில் நீங்கள் குறிப்பிட்ட சொற்கள். பாடசாலையை விட்டு விலகும்போது கொடுக்கப்படுவது விடுகைப் பத்திரம். உங்கள் மாற்றுச் சான்றிதழ் செய்யும் வேலையையே அது செய்கிறது. சேர்விலக்கம் என்பது பாடசாலையின் சேர்வுப் பதிவேட்டில் பிள்ளைக்கு உரிய இலக்கம், அதாவது உங்கள் சேர்க்கை எண். பரீட்சைக்கு மட்டும் வழங்கப்படும் எண்ணைச் சுட்டெண் என்போம், அது வேறு. பெறுபேறு என்றால் தேர்வு முடிவு. சித்தியடைந்தார் என்று எழுதியிருந்தால் தேர்ச்சி பெற்றார் என்று பொருள். அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் மகான்களின் மறைவைக் குறிக்க வழங்குவதால் இதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தவணை என்றால் கல்வியாண்டின் மூன்று பகுதிகளில் ஒன்று. முதலாம் தவணைப் பரீட்சை என்று கேட்கும் தமிழ்நாட்டுப் பெற்றோர், ஏதோ கட்டணத்தைப் பிரித்துக் கட்டச் சொல்கிறார்கள் என்று நினைக்கக்கூடும்.

அடுத்தது அலுவலகங்கள். பாடசாலைத் தலைவரை நாங்கள் அதிபர் என்கிறோம். அவருக்கு மேலே கோட்டக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்விப் பணிப்பாளர் என்று நிர்வாகம் போகிறது. தமிழ்நாட்டில் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று இருப்பதைப் பார்த்து, மூன்றுக்கு மூன்று என்று கோடு போட்டு இணைத்துவிடாதீர்கள். எங்கள் கல்வி வலயம் மாவட்டத்தோடு ஒத்துப்போவதில்லை. வவுனியா மாவட்டத்துக்குள் வவுனியா தெற்கு, வவுனியா வடக்கு என்று இரண்டு வலயங்கள் உண்டு. மன்னார் மாவட்டத்தில் மன்னார், மடு என்று இரண்டு. ஆகையால் மாவட்டத் தலைநகருக்குப் போனால் போதும் என்று குடும்பம் புறப்பட்டால், தங்களுக்கு உரியதல்லாத அலுவலகத்தில் வரிசையில் நிற்க நேரும். எந்த ஊரில் குடியேறுகிறார்களோ அந்த ஊர் எந்த வலயத்தில் அடங்குகிறது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதிக் கொடுங்கள். தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும் மற்ற அரச பாடசாலைகள் மாகாண சபையின் கீழும் வருகின்றன என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பாடசாலையில் கிடைத்த பதிலை எல்லாப் பாடசாலைகளுக்கும் உரியதாக எடுத்துக்கொள்வார்கள்.

இனி, உங்கள் பத்தாம் வகுப்புப் பையனின் விஷயம். இது சொல்லைத் தாண்டிய சிக்கல் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எங்கள் பாடசாலையில் தரம் 1 முதல் தரம் 13 வரை உண்டு. கல்விப் பொதுத் தராதரப் பத்திர (க.பொ.த.) சாதாரண தரப் பரீட்சையைப் பிள்ளைகள் தரம் 11இன் முடிவிலும், உயர்தரப் பரீட்சையைத் தரம் 13இன் முடிவிலும் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுகள் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வருகின்றன. தரம் என்பதற்கு வகுப்பு என்று பட்டியலில் எழுதினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பொருந்தும். பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பொருந்தாது. எண்ணைப் பார்த்தால் அவன் அடுத்துச் சேர வேண்டியது தரம் 11, பரீட்சையைப் பார்த்தால் அவன் ஒரு பொதுத்தேர்வை ஏற்கெனவே முடித்தவன். அவனை எங்கே சேர்ப்பது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் நேரில் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்கும்போது பத்தாம் வகுப்பு படித்தவன் என்று மட்டும் சொல்லாமல், தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்திய பொதுத்தேர்வில் தேர்ச்சி பெற்றவன் என்று முழுமையாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவனுக்கு ஓர் ஆண்டை மிச்சப்படுத்தலாம்.

மதிப்பெண்ணை நாங்கள் புள்ளி என்போம். சாதாரண தரச் சான்றிதழில் மொத்தப் புள்ளிகள் இருப்பதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ, பி, சி, எஸ் என்ற எழுத்துகள்தான் இருக்கும். அவற்றை முறையே அதிதிறமைச் சித்தி, மிகத் திறமைச் சித்தி, திறமைச் சித்தி, சாதாரண சித்தி என்று சொல்வது வழக்கம். ஐந்து பாடங்களுக்கு 500க்கு இவ்வளவு என்று வரும் உங்கள் சான்றிதழைக் காட்டும்போது, ஒரு பாடத்துக்கு உயர்ந்த மதிப்பெண் 100, தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் பக்கத்து அலுவலருக்கு ஒப்பிட எளிதாக இருக்கும்.

மறுமொழி: சென்னை, ஓய்வுபெற்ற பள்ளிக் கல்வித் துறை அலுவலகக் கண்காணிப்பாளர்

ஐயா எழுதியதோடு, தமிழ்நாட்டுத் தரப்பிலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

இடைநிலை என்ற சொல்லைத் தனியாக வட்டமிட்டுக்கொள்ளுங்கள். இலங்கையில் இடைநிலைப் பிரிவு என்றால் தரம் 6 முதல் 11 வரை. அதிலும் 6 முதல் 9 வரை கனிஷ்ட (இளைய) இடைநிலை, 10, 11 சிரேஷ்ட (மூத்த) இடைநிலை. இங்கே இடைநிலை ஆசிரியர் என்ற பதவியில் இருப்பவர் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறார். பணி அனுபவச் சான்று எடுத்துச் செல்லும் ஆசிரியர் யாரேனும் அந்தக் குடும்பங்களில் இருந்தால், பதவிப் பெயரோடு நிறுத்தாமல் எந்தெந்த வகுப்புகளுக்குப் பாடம் நடத்தினார் என்பதையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

பழைய தாள்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இன்று வட்டாரக் கல்வி அலுவலர் எனப்படுபவர் 2018ஆம் ஆண்டு நிர்வாகச் சீரமைப்புக்கு முன் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்று அழைக்கப்பட்டார். அண்ணனின் சான்றில் ஒரு பதவியும் தங்கையின் சான்றில் இன்னொரு பதவியும் இருப்பதால் ஏதோ ஒன்று போலி என்று யாரும் ஐயுற வேண்டியதில்லை. அலுவலக ஆணைகளின் தலைப்பில் ‘செயல்முறைகள்’ என்ற சொல்லும், அதை அடுத்து ‘முன்னிலை’ என்று ஓர் அலுவலரின் பெயரும் இருக்கும். அந்த அலுவலர் பிறப்பித்த ஆணை என்பதே அதன் பொருள். வெளியூர் ஆட்கள் இதைச் செய்முறை விளக்கம் என்றோ, ஒரு விழாவில் முன்னிலை வகித்தவரின் பெயர் என்றோ படித்துவிடுகிறார்கள். இங்கே சுற்றறிக்கை என்பதை அங்கே சுற்றுநிருபம் என்பார்கள், அரசிதழ் என்பதை வர்த்தமானி என்பார்கள்.

நாங்கள் சான்றொப்பமிட்ட நகல் என்று கேட்பதை அவர்கள் அத்தாட்சிப்படுத்திய பிரதி என்று கேட்பார்கள். நன்னடத்தைச் சான்றிதழை அங்கே நற்சான்றிதழ் என்கிறார்கள், ஆனால் கிராம அலுவலர் வழங்கும் நற்சான்றிதழும் அங்கே உண்டு. எனவே யார் கொடுத்த சான்று வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மாற்றுச் சான்றிதழை வாங்கியவுடன் மூன்று இடங்களைப் பாருங்கள்: பிறந்த தேதி எண்ணாலும் எழுத்தாலும் ஒன்றாக இருக்கிறதா, பெயரின் முன்னெழுத்து எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, நாட்டினம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது. இலங்கையில் இதற்கு ஈடான கட்டம் இருக்கிறதோ இல்லையோ, கடல் தாண்டிய பிறகு ஒரு தலைமையாசிரியரைத் தேடிப்பிடித்துத் திருத்தம் வாங்குவது ஏழைக் குடும்பத்தால் ஆகிற காரியம் அல்ல. பள்ளியில் இருக்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

இருவருக்கும் மிக்க நன்றி. வலயத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் இணைத்துத் தனிப் பக்கம் ஒன்றைச் சேர்க்கப் போகிறேன். பி.காம். முடித்த பெண்ணைப் பற்றி இன்னும் தெளிவு தேவைப்படுகிறது. தன் பட்டச் சான்றிதழோடு யாழ்ப்பாணத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அவர் ஆசைப்படுகிறார். பல்கலைக்கழகத்தில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும், மூதவை, பீடாதிபதி போன்ற சொற்களுக்கு இங்கே என்ன இணை என்று கேட்கிறார். இங்கே அவர் கையில் தற்காலிகப் பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், இடப்பெயர்வுச் சான்றிதழ் ஆகியவை இருக்கின்றன.

மறுமொழி: யாழ்ப்பாணம், பல்கலைக்கழக நிர்வாகப் பணியில் இருந்தவர்

வணக்கம். அந்தப் பிள்ளையின் ஆர்வத்துக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை, இங்குள்ள அமைப்பு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அந்த ஒரே சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் தனிச் சட்டம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே நான் சொல்லப்போகும் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

செனட் என்ற ஆங்கிலப் பெயர் இரண்டு பக்கமும் உண்டு, செய்யும் வேலை மட்டும் வேறு. சென்னையில் செனட் எனப்படும் ஆட்சிப் பேரவை, பல தரப்பினரும் உறுப்பினராக இருக்கும் பெரிய அவை. ஆண்டு வரவு செலவுத் திட்டம் அங்கே முன்வைக்கப்படுகிறது. அன்றாட ஆட்சி அதிகாரம் சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழுவிடம் இருக்கிறது, கல்வி சார்ந்த விடயங்களைக் கல்விக்குழு கவனிக்கிறது. யாழ்ப்பாணத்தில் செனட் என்பதற்கு மூதவை என்று பெயர். பீடாதிபதிகளும் துறைத் தலைவர்களும் பேராசிரியர்களும் நூலகரும் பீடங்களிலிருந்து தெரிவான ஆசிரியர்களும் அமர்ந்து பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அவை அது. ஆட்சி அதிகாரம் பேரவையிடம் இருக்கிறது. ஆகவே எங்கள் மூதவைக்கு உங்கள் கல்விக்குழுவும், எங்கள் பேரவைக்கு உங்கள் ஆட்சிக்குழுவும்தான் அருகே வருகின்றன. பேரவை என்ற சொல்லை உங்கள் ஆட்சிப் பேரவையோடு இணைத்துப் பட்டியலில் போட்டீர்களானால், இரண்டு வரிகளும் பிழையாகிவிடும்.

பீடம் என்பது நீங்கள் புலம் என்று சொல்வது. அதன் தலைவரான பீடாதிபதியைப் பீடச் சபை மூன்று ஆண்டுகளுக்குத் தெரிவு செய்கிறது. உங்கள் மருத்துவக் கல்லூரிகளின் தலைவரையும் ஆங்கிலத்தில் டீன் என்கிறார்கள், தமிழில் முதல்வர் என்கிறார்கள். அவர் அரசு நியமிக்கும் கல்லூரித் தலைவர், எனவே பீடாதிபதியோடு ஒப்பிட முடியாது. இங்கேயே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசிய கல்வியியற் கல்லூரியின் தலைவருக்கும் பீடாதிபதி என்ற பதவிப்பெயர் வழங்குவதால், அந்தச் சொல்லைக் கண்டால் எந்த நிறுவனம் என்பதையும் பார்க்க வேண்டும்.

யாருக்கு எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பல்கலைக்கழகங்களில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் தனிப் பதவி, சான்றிதழின் உண்மைத்தன்மையை உறுதி செய்வதும் அந்த அலுவலகம்தான். எங்கள் பக்கம் பரீட்சை வேலைகள் பதிவாளரின் கீழ் வருகின்றன. பரீட்சைக் கிளைக்குப் பொறுப்பாக உதவிப் பதிவாளரோ பிரதிப் பதிவாளரோ இருப்பார். பணம் சம்பந்தமான கடிதம் நிதியாளருக்குப் போகும், அவர் உங்கள் நிதி அலுவலரின் இடத்தில் இருப்பவர். மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர் முதலில் உரிய பீடத்தின் அறிவித்தலைப் பார்த்து, அதில் சொல்லப்பட்ட பதவிக்கே முகவரியிட வேண்டும். துணைவேந்தருக்கு நேரே எழுதினால் விரைவாக முடியும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கடிதமும் சுற்றிக்கொண்டு பதிவாளரிடமே வந்து சேரும், இடையில் நாட்கள்தான் போகும்.

பட்டத்தின் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.காம். என்பதை இங்கே வணிகமாணி என்போம், பி.ஏ. கலைமாணி, பி.எஸ்சி. விஞ்ஞானமாணி. முனைவர் பட்டம் இங்கே கலாநிதிப் பட்டம். ஆனால் இங்கே பொதுப் பட்டம் மூன்று ஆண்டும் சிறப்புப் பட்டம் நான்கு ஆண்டும் கொண்டவை. சில மேற்படிப்புகளுக்கு எந்த வகைப் பட்டம் என்று கேட்பார்கள். அந்தப் பெண் மூன்று ஆண்டு படித்தவர் என்பதால், விண்ணப்பத்தில் வணிகமாணி என்று மாற்றி எழுதாமல், சான்றிதழில் உள்ளபடியே பட்டத்தின் பெயரை எழுதி, கற்கையின் காலம் மூன்று ஆண்டுகள் என்று குறிப்பிடுவதுதான் முறை. இணைத்தன்மையைத் தீர்மானிப்பது அலுவலகத்தின் கடமை. விண்ணப்பதாரர் தாமாகவே ஒரு பட்டத்தை இன்னொரு பட்டத்தின் பெயரால் அழைத்தால் பின்னர் சரிபார்ப்பில் தடை வரும்.

இரு நாட்டிலும் யூஜிசி என்று சுருக்கமாகச் சொல்லும் அமைப்பு உண்டு. இந்தியாவில் அது பல்கலைக்கழக மானியக் குழு, இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. இந்தியக் குழு மானியமும் தரநிர்ணயமும் பார்க்கிறது. எங்கள் ஆணைக்குழு அவற்றோடு, உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு இளநிலைப் பட்டக் கற்கைக்கு மாணவரைத் தெரிவு செய்து எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்பதையும் தானே முடிவு செய்கிறது. தம்பி நாளை உயர்தரம் எழுதினால் அவனுடைய விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்குப் போகாது, அந்த ஆணைக்குழுவுக்கே போகும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வு போல மாணவரே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாள் ஒன்று இங்கே இல்லை.

விரிவுரையாளர் என்ற சொல்லையும் விட்டுவிட வேண்டாம். இங்கே அது நிரந்தரக் கல்விப் பதவி. அதற்கு மேலே சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர் என்று போகும். உங்கள் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்பவர் தொகுப்பூதியத்தில் தற்காலிகமாகப் பணியாற்றுபவர், நிரந்தரப் பணியில் சேர்பவர் உதவிப் பேராசிரியர். பரிந்துரைக் கடிதம் தருபவரின் பதவியை மாற்றி எழுதினால் அவருடைய தகுதி கூடியதாகவோ குறைந்ததாகவோ தோன்றிவிடும்.

மறுமொழி: வவுனியா, ஓய்வுபெற்ற அதிபர்

இடப்பெயர்வுச் சான்றிதழைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவர் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேரத் தடையில்லை என்று முந்தைய பல்கலைக்கழகம் கொடுக்கும் தாள் அது என்று அறிகிறேன். வன்னியில் அந்தப் பெயரோடு ஒரு தாளை மேசையில் வைத்தால், யுத்த காலத்தில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்ததற்கான பதிவு என்றே எங்கள் அலுவலர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். மீள்குடியேற்றக் கோப்பில் சேர்க்க வேண்டிய தாள் என்று எண்ணிப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பிவிடவும் கூடும். முகாமிலிருந்து வரும் குடும்பம் என்பதால் அந்தக் குழப்பத்துக்கு இன்னும் அதிக இடம் உண்டு. உங்கள் பட்டியலில் இந்தச் சொல்லுக்கு எதிரே இணைச் சொல் எதையும் எழுத வேண்டாம். ‘வேறு பல்கலைக்கழகத்தில் சேர முந்தைய பல்கலைக்கழகம் வழங்கிய ஆட்சேபனையின்மைச் சான்று’ என்று விளக்கமாகவே அச்சிடுங்கள். அந்தப் பெண்ணிடம் இந்தத் தாளைப் பட்டச் சான்றிதழோடு ஒரே உறையில் வைக்கச் சொல்லுங்கள். மீள்குடியேற்றத் தாள்கள் இருக்கும் உறையில் அது போய்விடக் கூடாது.